ஒரு தகப்பனின் வழக்கு



தகப்பனொருவன் தன் பிள்ளையைத் திருப்பித் தரும்படி நீதிமன்றத்தை அணுகுவது புதுமையன்று. மனைவியைப் பிரிந்தவன் அவளிடமிருந்து கேட்பான். மனைவியை இழந்தவன் அவள் பெற்றோரிடமிருந்து கேட்பான். ஆனால், தாமே கையொப்பமிட்டு ஒப்படைத்த இரு பிள்ளைகளை, உலகப் புகழ் வாய்ந்த ஓர் அம்மையாரிடமிருந்து மீட்க முயன்ற ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவரின் வழக்கு 1912ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் எழுந்தது. தகப்பனுடைய உரிமை எத்தன்மையது, அதை அவன் பிறருக்கு எழுதிக் கொடுக்க முடியுமா, பிள்ளையின் விருப்பத்துக்கு அதில் இடமுண்டா என்னும் வினாக்கள் யாவும் அந்த ஒரு வழக்கில் வந்து கூடின.

வழக்காளியின் பெயர் நாராயணையா. தெலுங்குப் பிராமணர், வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து இளைப்பாறியவர். 1905இல் மனைவியை இழந்தார். பிரம்மஞான சங்கத்தின் பழைய உறுப்பினராகையால், 1909இன் தொடக்கத்தில் பிள்ளைகளுடன் அடையாறுக்கு வந்து சங்கத்தின் அலுவலகப் பணியில் அமர்ந்தார். அவருடைய மக்களுள் 1895இல் பிறந்த கிருஷ்ணமூர்த்தியைச் சங்கத்தின் பிரமுகரான லெட்பீட்டர் அவ்வாண்டிலேயே கண்டு, வரவிருக்கும் உலகாசான் இச்சிறுவன் வாயிலாகவே தோன்றுவான் என்று கூறினார். சங்கத் தலைவியான அன்னி பெசண்ட் அம்மையாரும் அதனை நம்பினார். 1910ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் திகதி நாராயணையா ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டு, கிருஷ்ணமூர்த்திக்கும் அவன் தம்பி நித்தியானந்தனுக்கும் பாதுகாவலராக அம்மையாரை ஏற்றுக்கொண்டார். தாயற்ற பிள்ளைகள், சிறிய ஓய்வூதியம், சீமைக் கல்விக்கு வழி. அந்நாளில் அவ்வாறு ஒப்பமிடாத தகப்பன் அரியன் என்றே சொல்லலாம்.

ஆனால் லெட்பீட்டருடன் பிள்ளைகள் பழகுவதை அவர் விரும்பவில்லை. சிறுவர்களுக்கு அவர் கூறிய ஆலோசனைகள் பற்றி எழுந்த சர்ச்சையினால், அவர் 1906இல் சங்கத்தை விட்டு விலகிப் பின்னர் மீளச் சேர்க்கப்பட்டவர். 1912இல் அம்மையார் சிறுவர் இருவரையும் மீண்டும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று அங்கேயே விட்டு வந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் நாராயணையா செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தகப்பன் பக்கம் தோன்றிய இளம் வழக்கறிஞர் சி. பி. இராமசாமி ஐயர். எதிராளியான அம்மையாரோ வழக்கறிஞர் எவரையும் அமர்த்தாது தாமே வாதாடினார்.

இங்கே நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஏனெனில், பிள்ளைகளின் பொருட்டு அம்மையார் நீதிமன்றத்தில் நின்று தாமே வாதாடியது இது முதற் தடவையன்று.

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில், மணவாழ்விற் பிறந்த பிள்ளை தகப்பனுக்கே உரியது. தாய் குற்றமற்றவளாயினும், பிள்ளை பால்குடி மாறாததாயினும் சட்டம் தகப்பன் பக்கமே நின்றது. கரோலைன் நோர்ட்டன் என்னும் எழுத்தாளரின் கணவர் 1836இல் மூன்று புதல்வர்களையும் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டார். அவ்வம்மை எழுதியும் வாதாடியும் கிளப்பிய கிளர்ச்சியின் பயனாக 1839இல் ஒரு சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கட்டுக்காப்பைத் தாய் மன்றிற் கேட்கலாம் என்றது அச்சட்டம். 1873ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதெல்லையைப் பதினாறாக உயர்த்தியது. அத்துடன், பிரிந்து வாழும் கணவன் பிள்ளையைத் தாயிடம் விடுவதாக எழுதிக் கொடுக்கும் உடன்படிக்கை செல்லும் என்றும், பிள்ளையின் நலத்துக்கு மாறாயின் மன்று அதனை நிறைவேற்றாது என்றும் விதித்தது.

அதே 1873இல்தான் அன்னி பெசண்ட் தம் கணவரான பாதிரியார் பிராங்க் பெசண்டைப் பிரிந்தார். மகன் டிக்பி தகப்பனிடம், மகள் மேபெல் தாயிடம் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. பின்னர் அம்மையார் நாத்திகம் பேசினார்; குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலொன்றை வெளியிட்டமைக்காக 1877இல் பிராட்லோவுடன் விசாரணைக்கு உள்ளானார். மறு ஆண்டு கணவர் மன்றேறினார். உடன்படிக்கை இருந்தும், எட்டு வயது நிரம்பாத மேபெலைத் தகப்பனிடம் ஒப்படைக்கும்படி நீதிபதி சேர் ஜோர்ஜ் ஜெசல் தீர்ப்பளித்தார். 1879இல் மேன்முறையீட்டு மன்றும் கட்டுக்காப்புப் பற்றிய அத்தீர்ப்பை மாற்றவில்லை. பெண் தன் வழக்கைத் தானே வாதாடுவது அக்காலத்தவருக்கு எவ்வளவு வியப்பாக இருந்திருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகள் வயது வந்ததும் இருவருமே தாயிடம் வந்து சேர்ந்தனர் என்பது வேறு கதை.

இவ்வாறு தகப்பன் உரிமையினால் மகளை இழந்த அவர், முப்பத்து நான்கு ஆண்டுகளின் பின் தகப்பனொருவருக்கு எதிராக நின்றார். அன்று உடன்படிக்கையைப் பற்றி நின்று தோற்றவர், இன்று மீண்டும் ஒரு கடிதத்தைப் பற்றி நின்றார். இதில் விதியின் விளையாட்டைக் காண்போர் காணட்டும். எனக்குத் தோன்றுவது, தாய் என்ற நிலையில் அவர் பட்ட வேதனை அந்தத் தகப்பனின் வேதனையை அவருக்கு உணர்த்தியதாகத் தெரியவில்லை என்பதே.

1913 ஏப்ரிலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்பளித்தார். லெட்பீட்டர் மீது நாராயணையா சுமத்திய கடுமையான குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை. ஆயினும், அவர் தாமே ஒப்புக்கொண்ட கொள்கைகள் சிறுவர்களுக்கு ஆசானாயிருக்க அவரைத் தகுதியற்றவராக்குகின்றன என்றார் நீதிபதி. பிள்ளைகளை மே மாத இறுதிக்குள் தகப்பனிடம் ஒப்படைக்குமாறு கட்டளை பிறந்தது. வழக்குச் செலவு மட்டும், குற்றச்சாட்டை நிறுவாத தகப்பன் தலையில் விழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அம்மையாரின் மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அவர் தளரவில்லை. அக்காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இறுதி மன்றாக விளங்கிய, பிரிவிக் கவுன்சில் எனப்படும் இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் சென்றார்.

1914 மே மாதத்தில் வந்த அத்தீர்ப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. முதலாவதாக, பிள்ளையின் பாதுகாவலனாக இருப்பது தகப்பனிடம் விடப்பட்ட ஒரு புனிதமான பொறுப்பு; அவன் உயிரோடிருக்கையில் அப்பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட முடியாது. வளர்க்கவும் படிப்பிக்கவும் பிறரிடம் விடலாம். ஆயினும் அவ்வனுமதியை மீளப் பெறவும் அவனால் முடியும். ஆகவே 1910ஆம் ஆண்டுக் கடிதம் நாராயணையாவைக் கட்டுப்படுத்தாது. இதுவரை தகப்பனுக்கே வெற்றி.

அடுத்த படியில் எல்லாம் மாறிற்று. பிள்ளைகள் வாழ்வது இங்கிலாந்தில்; செங்கற்பட்டு மாவட்டத்தில் அவர்கள் வசிக்காதபோது அந்நீதிமன்றுக்கு ஏது அதிகாரம்? அதற்கில்லாத அதிகாரம் வழக்கை மாற்றி ஏற்ற உயர் நீதிமன்றுக்கும் வராது. மேலும், பகுத்தறியும் வயதை அடைந்துவிட்ட அச்சிறுவர்கள் வழக்கிற் சேர்க்கப்படவில்லை. அவர்கள் விருப்பம் என்னவென்று எவரும் கேட்கவில்லை. அவர்கள் நலத்தைப் பிரதிநிதி ஒருவர் வாயிலாக ஆராயாமல் கடல் கடந்து கொண்டுவரச் சொல்வது முறையன்று. தகப்பன் விரும்பினால் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றை அணுகலாம். இவ்வாறு கூறிச் சென்னைத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. நாராயணையா உரிமையில் வென்று பிள்ளைகளை இழந்தார்.

கிருஷ்ணமூர்த்திக்கு அப்போது பத்தொன்பது வயது. மன்றுகள் அவரைப் பற்றி இரண்டு ஆண்டுகளாகப் பேசின, அவரிடம் பேசவில்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இவ்வினாக்கள் அந்நியமல்ல. இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் ஒல்லாந்தச் சட்டத்திலும், மணவாழ்வு நிலைத்திருக்கும் வரையில் கட்டுக்காப்பில் தகப்பனுக்கே முதலுரிமை. பிள்ளையின் உயிருக்கோ உடல் நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஊறு நேருமாயின் மேல் மன்று தலையிடலாம் என்பது பழைய நெறி. காலப்போக்கில் நம் நீதிபதிகள் அம்முதலுரிமையைத் தளர்த்திப் பிள்ளையின் நலத்தை முன்வைக்கலாயினர். தாபரிப்பைப் பொறுத்தவரை, 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கணவனையும் தகப்பனையும் மட்டுமே நோக்கிப் பேசியது. அதற்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம், வசதியுள்ள பெற்றார் எவரும், தகப்பனாயினும் தாயாயினும், பிள்ளையைத் தாபரிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. தன்னைத் தாபரிக்க இயலாத கணவன் மனைவியிடம் கேட்கவும் அதில் இடமுண்டு. விவாகரத்துச் சட்டம் மட்டும் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மூன்று காரணங்களை விட்டு இன்னும் அதிகம் நகரவில்லை.

நித்தியானந்தன் 1925இல் கலிபோர்னியாவில் நோயுற்று இறந்தார். கிருஷ்ணமூர்த்தி, தமக்கென அம்மையார் அமைத்த சங்கத்தை 1929இல் தாமே கலைத்து, தாம் எவருக்கும் குருவல்லர் என்று அறிவித்தார். 1949ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கொழும்புக்கு வந்து, அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை சொற்பொழிவுகள் ஆற்றினார். இலங்கை வானொலியிலும் அப்போது அவர் குரல் ஒலித்தது. அவ்வானொலி உரைகளுள் ஒன்றுக்குப் பொருள், மனிதர்க்கிடையிலான உறவு.