வண்டி மையில் இருந்து தொண்ணூறு ஆயில் வரைக்கும்

சென்னையில, பெங்களூர்ல இருக்குற தம்பிகள் சில பேர் இப்ப தாத்தா காலத்து அம்பாசடரையும் ஃபியட்டையும் தூசி தட்டி எடுத்து ஓட்ட ஆரம்பிச்சிருக்காங்க. சந்தோஷமான விஷயம். ஊருக்கு வர்றப்ப அவங்க கேக்குற முதல் கேள்வி பெயிண்ட் பத்தியோ சீட் பத்தியோ இருக்கும். கியர்பாக்ஸ்ல என்ன ஆயில் ஊத்தணும்னு கேக்குறவங்க கம்மி. அப்படியே கேட்டாலும், "கடையில இருக்குறதுலயே விலை கூடினதை ஊத்திடலாம்ல அண்ணே?" என்பாங்க. ஊத்தலாம், ஆனா கெட்டுப்போகும். ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

மாட்டு வண்டியில இருந்தே ஆரம்பிப்போம். சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் வைகைப் பாசனத்துல நெல்லு விளைஞ்ச காலத்துல, மூட்டை மதுரைக்குப் போனது கட்டை வண்டியில. இரும்பு அச்சுல மரச்சக்கரம் சுத்தும். நடுவுல ஒண்ணும் போடலைன்னா கீச்சு கீச்சுன்னு கத்தும், அச்சும் தேயும், மாடும் திணறும். அதுக்குப் போட்டதுதான் வண்டி மை. வைக்கோலைக் கருக்கி அந்தக் கரியை விளக்கெண்ணெயில குழைச்சு, அச்சுல தடவுவாங்க. வண்டிக்கு அடியில ஒரு மூங்கில் குழாய்ல அது தொங்கும். எண்ணெய் வழுக்க வைக்கும், கரி எண்ணெயை வழிஞ்சு ஓடவிடாம பிடிச்சு வெக்கும். இன்னைக்கு கிரீஸ் டப்பாவுக்குள்ள இருக்குற அறிவும் இதேதான்.

அதுல ஏன் விளக்கெண்ணெய்? கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ ஊத்தினா ஓடிப்போகும். ஆமணக்கு எண்ணெய் கெட்டி. உலோகத்துல ஒட்டிக்கிட்டு விடாது. நம்ம வரப்போரத்துல யாரும் தண்ணி பாய்ச்சாம முளைச்சு நிக்கிற அந்தச் செடியை வெள்ளைக்காரனும் விடலை. 1899-ல இங்கிலாந்துல வேக்ஃபீல்டுங்கிறவர் ஆரம்பிச்ச எண்ணெய்க் கம்பெனி, பத்து வருஷம் கழிச்சு ஆமணக்கு எண்ணெய் கலந்த மோட்டார் ஆயிலை வித்துச்சு. ஆமணக்கு எண்ணெய்க்கு இங்கிலீஷ்ல காஸ்டர் ஆயில். அதுல இருந்துதான் காஸ்ட்ரால்னு பேரு வந்துச்சு. முதல் உலகப்போர்ல எஞ்சினே சேர்ந்து சுத்துற விமானங்கள் இதே ஆமணக்கு எண்ணெயிலதான் பறந்துச்சு. அந்தப் புகையைச் சுவாசிச்ச விமானிகளுக்கு வயித்தாலே போச்சுன்னும் சொல்வாங்க. விளக்கெண்ணெய் குடிச்சு வளர்ந்த நமக்கு அதுல ஆச்சரியம் இல்ல. ஒரு குறை மட்டும் உண்டு. நாளானா பிசின் மாதிரி ஆகிடும். அதனால மண்ணெண்ணெய் வர்ற அதே பூமிக்குள்ள இருந்து எடுத்த எண்ணெய் மெல்ல மெல்ல அதோட இடத்தைப் பிடிச்சுது.

மதுரைக்கு மோட்டார் வந்த கதை நிறைய பேருக்குத் தெரியும். திருக்குறுங்குடியில 1877-ல பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912 வாக்குல மதுரையில பஸ் விட்டார். அதுல இருந்து சதர்ன் ரோடுவேஸ், மேல வெளி வீதி டிவிஎஸ் எல்லாம் வளர்ந்துச்சு. இரண்டாம் உலகப்போர்ல பெட்ரோல் கிடைக்காதப்ப, கரியை எரிச்சு வர்ற வாயுவுல வண்டி ஓட்டுறதுக்கு டிவிஎஸ் கேஸ் பிளான்ட்னு ஒண்ணு செஞ்சாங்க. பெட்ரோலுக்குப் பதிலா கரி ஓட்டும். ஆனா கியர்பாக்ஸுக்குக் கரி ஆகாது, அங்க எண்ணெய்தான் வேணும். எரிபொருளை மாத்தலாம், வழுக்குறதை அவ்வளவு லேசா மாத்த முடியாது. 1972-ல அந்த பஸ்கள் அரசாங்கத்துக்குப் போய் பாண்டியன் ரோடுவேஸ் ஆன பிறகும், பழைய டிப்போவுல கை கறுத்த ஆட்கள்கிட்ட இருந்த ஆயில் அறிவு சுத்துப்பட்டு ஒர்க்ஷாப்புகளுக்கெல்லாம் பரவுச்சு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். தொடக்க கால கார்கள்ல இருந்த பல்சக்கரங்கள் சாதாரணமானவை. ஒரு பல்லு மேல இன்னொரு பல்லு உருண்டு போகும். கெட்டியான சாதா எண்ணெய் போதும். ஃபோர்டு மாடல் டி வண்டியில எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்தான். 1926-ல அமெரிக்காவுல பேக்கார்டு கம்பெனி பின் அச்சுல ஹைப்பாய்ட்னு ஒரு வகை பல்சக்கரத்தைக் கொண்டு வந்துச்சு. எஞ்சின்ல இருந்து வர்ற தண்டு, கிரவுன் சக்கரத்தோட நடுவுல சேராம கீழ தள்ளிச் சேரும். அதனால வண்டி தாழ்வா உக்காரும், சத்தம் குறையும். ஆனா பல்லு உருள்றதோட நிக்காம நீளவாக்குல அழுத்தித் தேய்க்கும். அந்த அழுத்தத்துல சாதா எண்ணெய் பிதுங்கிப் போய் இரும்பும் இரும்பும் ஒட்டிக்கும்.

அதுக்காக எண்ணெய்க்குள்ள கந்தகம், பாஸ்பரஸ் மாதிரி சரக்கு சேத்தாங்க. சூடும் அழுத்தமும் ஏறின இடத்துல அது இரும்போட வினைபுரிஞ்சு மெல்லிய தோல் மாதிரி ஒண்ணை உண்டாக்கும். இரும்புக்குப் பதிலா அந்தத் தோல் தேயும். டப்பாவுல 'இ.பி.'ன்னு போட்டிருக்குறது இதைத்தான். கியர் ஆயில் டப்பாவைத் திறந்தா ஒரு கெட்ட வாடை அடிக்குமே, அது இந்தக் கந்தகச் சரக்கோடதுதான்.

இரும்புக்கு உதவுற அதே கந்தகம் பித்தளைக்கு எதிரி. நடவு நடுற பொம்பளைங்க காலு மெட்டியைப் பாத்திருக்கீங்களா? நாலு நாள் வயல் சேத்துல நின்னா வெள்ளி கறுத்துப் போகும். சேத்துல இருக்குற கந்தகம் செய்யுற வேலை அது. செம்பு கலந்த பித்தளையிலயும் வெண்கலத்துலயும் கந்தகம் இதே மாதிரி வேலை காட்டும், அதுவும் சூட்டுல.

அம்பாசடருக்கு இது ஏன் முக்கியம்னா, அந்த வண்டிக்குள்ள ரெண்டு பெட்டி இருக்கு. 1957 வாக்குல கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்ய ஆரம்பிச்சப்ப, அது இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாவது வரிசை வண்டி. பின்னாடி இருக்குற கிரவுன் பெட்டி ஹைப்பாய்ட். அதுக்குள்ள இ.பி. ஆயில் கண்டிப்பா வேணும். முன்னாடி இருக்குற கியர்பாக்ஸ்ல ஹைப்பாய்ட் கிடையாது. ஆனா கியர் மாத்துறப்ப ரெண்டு சக்கரத்தோட வேகத்தையும் சமப்படுத்துற செம்புக் கலவை சிங்க்ரோ இருக்கு. பழைய மாடல்கள்ல முதல் கியருக்கு அதுவும் கிடையாது, வண்டி நின்ன பிறகுதான் போடணும். அந்த சிங்க்ரோ சக்கரத்தைக் கவ்விப் பிடிச்சாத்தான் கியர் சத்தமில்லாம விழும். ரொம்ப வழுக்குற எண்ணெய் ஊத்தினா பிடி கிடைக்காது. கந்தகம் அதிகமானா அதுவே அரிச்சுப்போகும். பின்னால இருக்குற பெட்டிக்கு அமுதமா இருக்குறது முன்னால இருக்குற பெட்டிக்கு விஷம்.

எங்க ஊர்ல ஒரு அம்பாசடர் இருந்துச்சு. ராத்திரி பிரசவ வலின்னா மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போறது அதுலதான். ஊர்ல பாதிப் பிள்ளைங்க பிறக்கப் போன வண்டின்னு சொல்வோம். அந்தப் பெரியவர் போன பிறகு மகன் அதை ஆசையா ஒரு ஒர்க்ஷாப்ல விட்டு எடுத்தார். கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் ஒரே டப்பா, நல்ல விலை கூடின ஆயில். ஒரு வருஷத்துல ரெண்டாவது கியர் நறநறன்னு கத்த ஆரம்பிச்சுது. பிரிச்சுப் பாத்தா சிங்க்ரோ வழுவழுன்னு தேஞ்சு கிடந்துச்சு. அத்தனை வருஷத் தேய்மானமும் அதுல உண்டு, ஆயில் மேல மட்டும் பழி போட மாட்டேன். ஆனா அந்த ஆயில் ஒரு உதவியும் செய்யலை. 2014-ல வண்டி தயாரிப்பே நின்னு போச்சு. இனி பார்ட்ஸுக்குப் பழைய இரும்புக் கடைதான்.

இப்ப டப்பாவைப் படிக்குற விதம். ஜிஎல்-4, ஜிஎல்-5ன்னு ரெண்டு தரம் போட்டிருக்கும். அஞ்சு நாலை விடப் பெருசு, அதனால நல்லதுன்னு நினைக்கக் கூடாது. அஞ்சு ஹைப்பாய்ட் கிரவுனுக்கு. அதுல அந்தக் கந்தகச் சரக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. நாலு, சிங்க்ரோ இருக்குற சாதா கியர்பாக்ஸுக்கு. 'ஜிஎல்-4/ஜிஎல்-5'ன்னு ரெண்டையும் சேத்துப் போட்டிருந்தா, பித்தளைக்கு ஆகும்னு தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க.

அடுத்தது தொண்ணூறு, நூத்தி நாப்பதுங்கிற நம்பர். எஞ்சின் ஆயில் நாப்பதுன்னா தண்ணி, கியர் ஆயில் தொண்ணூறுன்னா கூழ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ரெண்டும் வேற வேற அளவுகோல். நம்ம படியும் மரக்காலும் மாதிரி. கொதிநிலைச் சூட்டுல 90 கியர் ஆயிலும் 40, 50 எஞ்சின் ஆயிலும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான். அதனாலதான் அம்பாசடரோட சின்னப் பங்காளியான மோரிஸ் மைனர்ல, எஞ்சினுக்கு ஊத்துற 30 ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊத்தச் சொன்னாங்க. கேட்டா நம்ம மெக்கானிக்குகள் சிரிப்பாங்க. ஆனா கம்பெனி கொடுத்த கையேடு அப்படித்தான் சொல்லுது.

டிராக்டர்காரங்களுக்கு இது புதுசு இல்ல. 1960-ல டாஃபே தொடங்கி மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர் நம்ம வயலுக்கு வந்துச்சு. ஹாரி ஃபெர்குசன் ஏற்பாட்டுல கலப்பையைத் தூக்குற ஹைட்ராலிக் பம்ப்பு, கியர் இருக்குற அதே எண்ணெய்க்குள்ள முழுகி நிக்கும். கியர் சத்தத்தை அடக்குறேன்னு நூத்தி நாப்பதை ஊத்தினா, காலையில கலப்பை சோம்பேறி மாதிரி மெல்லத் தூக்கும். எண்ணெய்க்குள்ள பிரேக் இருக்குற புது டிராக்டர்ல அதுக்குன்னு தனி ஆயில். மாத்தி ஊத்தினா பிரேக் போடுறப்ப ஊரே கேக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர் வெச்ச பழைய வெளிநாட்டு வண்டி வெச்சிருக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் எண்ணெயில எண்ணெய்த்திமிங்கிலத்தோட கொழுப்பெண்ணெயும் கலந்திருந்துச்சு. கிளட்ச் தட்டுகள் உதறாம பிடிக்குறதுக்கு அது அவ்வளவு தோது. 1970-ல அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியுற உயிர்ப் பட்டியல்ல சேத்த பிறகு, அந்த எண்ணெய் கடையை விட்டே போச்சு. ரசாயனக்காரங்க மாற்றுத் தேடி, பாலைவனத்துல விளையுற ஹோஹோபா விதை வரைக்கும் போனாங்க. ஆமணக்குல ஆரம்பிச்ச கதை மறுபடியும் ஒரு செடிகிட்டயே வந்து நிக்குது பாருங்க. ஆட்டோமேட்டிக் ஆயில் ஒவ்வொண்ணும் அந்தந்தக் கிளட்ச் தட்டுக்காகச் சேத்தது. சிவப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுன்னு ஊத்தாதீங்க.

முடிக்குறதுக்கு முன்னாடி கைவேலையா நாலு விஷயம் சொல்றேன். உங்க வண்டி எந்த மார்க், கியர்பாக்ஸ் மாத்தினதான்னு முதல்ல பாருங்க. 1990-கள்ல இசுசு எஞ்சினோட அஞ்சு கியர் பெட்டி வந்துச்சு, அது வேற சாமான். அந்த மாடலோட கையேட்டைத் தேடிப் பிடிங்க. பழைய ஆயிலை வடிக்குறதுக்கு முன்னால ஊத்துற பிளக் கழலுதான்னு பாத்துக்குங்க. வடிச்ச பிறகு அது கழலலைன்னா வண்டி அங்கேயே நிக்கும். ஓட்டிட்டு வந்து சூடா இருக்குறப்பவே வடிங்க. வடிஞ்ச எண்ணெயை வெள்ளைத் துணியில தேய்ச்சு வெயில்ல காட்டுங்க. சாம்பல் மாதிரி இருந்தா இரும்புத் தேய்மானம், ஓரளவு சகஜம். தங்கப்பொடி மாதிரி மின்னுச்சுன்னா அது உங்க சிங்க்ரோ. வடிச்ச ஆயிலை வாய்க்கால்ல மட்டும் ஊத்திடாதீங்க, கீழ நாங்க நாத்து விட்டிருப்போம்.