வளர்ப்பு நாய்களின் உணவும் உளநலமும்

வளர்ப்பு நாயின் நலம் சத்தான உணவு, அன்றாட நடை, விளையாட்டு, மனிதத் துணை ஆகியவற்றைச் சார்ந்தது. சென்னையின் முகப்பேர், அம்பத்தூர் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த பகுதிகளில் இடக்குறைவும் வெப்பமும் இத்தேவைகளை நிறைவேற்றுவதைக் கடினமாக்குகின்றன.

உணவு

நாய் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்தது. எனினும் மனிதருடன் வாழ்ந்ததால் மாச்சத்தைச் செரிக்கும் திறனை ஓநாயைவிட மிகுதியாகப் பெற்றுள்ளது. இதற்கான மரபணு வேறுபாடுகளை விவரிக்கும் ஆய்வு 2013 இல் வெளியானது. ஆகவே நாய்க்குச் சோறு அளிக்கலாம். ஆனால் தயிர்ச்சோறு மட்டும் அளித்தால் புரதம் போதாது. வேகவைத்த இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

- வெங்காயம், பூண்டு: குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமைத்தாலும் நச்சுத்தன்மை நீங்காது என்பதால் சாம்பார், குழம்பு கலந்த சோறு தீங்கானது.
- திராட்சை, உலர்திராட்சை: சிறுநீரகத்தைப் பாதிக்கும்.
- சாக்கலேட்: இதிலுள்ள தியோபுரோமின் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும்.
- சமைத்த கோழி எலும்பு: சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

உளநலம்

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியன வேட்டைக்காக வளர்க்கப்பட்ட தமிழ்நாட்டு நாயினங்கள். இத்தகைய நாய்களை நாள் முழுதும் கட்டிவைத்தால் இடைவிடாத குரைப்பு, பொருள்களைக் கடித்தல், தன் கால்களையே நக்கிப் புண்ணாக்குதல் முதலியன தோன்றலாம். பெரும்பாலும் இவை குறும்பல்ல, சலிப்பின் அல்லது தனிமையின் அறிகுறிகள். மோப்பம் பிடித்தபடி நடக்க விடுவது மூளைக்கும் பயிற்சியாகும். நாய் முக்கியமாக மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிப்பதால், கோடையில் அதிகாலையிலோ இரவிலோ நடத்திச் செல்வது நன்று.

உணவை மறுத்தல், திடீர் முரட்டுத்தனம் ஆகியன உடல்நோயாலும் ஏற்படலாம். அப்போது கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். வேப்பேரியில் 1903 இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நாய்களுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது.