ஆயிலில் தண்ணி: ஓர் இன்ஜினின் பூர்வீகம்

பழைய கார் ஒன்றின் டிப்ஸ்டிக்கை உருவுகிறோம். கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்க வேண்டிய ஆயில், பால் கலந்த காபி நிறத்தில் நுரைத்து வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார். ஹெட்டைக் கழட்டணும்."

பல வண்டிகளில் அது சரியான பதிலாகவே இருக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட இன்ஜின் குடும்பத்தில் அந்தப் பதிலை நம்பி ஹெட்டைக் கழற்றினால், இல்லாத நோய் வந்து சேரும். அந்தக் குடும்பம் இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் பிறந்தது. வயலில் உழுதது, பந்தயத்தில் ஓடியது, கடைசியில் நம்ம வண்டலூர் பக்கம் வந்து முடிந்தது. ஆயிலில் கலந்த தண்ணி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். பழைய வண்டிகளைப் பொறுத்தவரை வரலாறும் ஸ்பேனர் மாதிரி ஒரு கருவிதான் என்பது என் கட்சி.

முதலில் அடிப்படை. இன்ஜினுக்குள் மூன்று பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார்கள்: நெருப்பு, தண்ணி, ஆயில். சில மில்லிமீட்டர் இரும்புதான் இடையில் சுவர். மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்தில் பல இன்ஜின்களில் சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பாக இருந்தன. இணைப்பே இல்லாததால் அங்கே ஒழுகவும் வழியில்லை. ஆனால் உள்ளே படியும் கரியைச் சுரண்டுவது பெரும் பாடு. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி, ஹெட்டைத் தனியாகக் கழற்றும்படி அமைந்திருந்தது. வீட்டு முற்றத்திலேயே போல்ட்டைக் கழற்றி வேலையை முடித்துவிடலாம். அந்த வசதியோடு ஒரு புது இணைப்பும் அதை அடைக்க ஒரு கேஸ்கட்டும் வந்து சேர்ந்தன. "ஹெட் கேஸ்கட் போயிருச்சு" என்ற வாக்கியத்தின் பூர்வீகம் இதுதான்.

பெரும்பாலான இன்ஜின்களில் சிலிண்டர் துளை, பிளாக் என்ற இரும்பு வார்ப்பிலேயே குடையப்பட்டிருக்கும். தண்ணி ஓடும் பாதையும் அதே வார்ப்புக்குள்தான். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின் இந்த வகை. இதில் தண்ணியும் ஆயிலும் சந்திக்க வேண்டுமானால் பிளாக்கோ ஹெட்டோ விரிசல் விட வேண்டும், இல்லையென்றால் மேலே இருக்கும் கேஸ்கட் போக வேண்டும். அதனால் சந்தேகம் முதலில் மேலே போவது நியாயம்தான்.

இன்னொரு வகை உண்டு. பிளாக்கை வெறும் தொட்டி மாதிரி வார்த்துவிட்டு, அதற்குள் தனி இரும்புக் குழாய்களைச் சிலிண்டராக இறக்குவார்கள். தண்ணி அந்தக் குழாயின் வெளிச்சுவரை நேரடியாகத் தொடும். இதற்கு வெட் லைனர் என்று பெயர். 1934இல் வந்த சித்ரோன் டிராக்ஷன் அவான்ட் காரில் இந்த அமைப்பு இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கோவன்ட்ரியின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இதே வழியில் ஓர் இன்ஜினைச் செய்தது. 1947இல் அறிவித்த வேன்கார்டு காருக்கும், ஹாரி பெர்குசனின் டி.இ. 20 டிராக்டருக்கும் அந்த இன்ஜின் குடும்பம்தான். போர்க் காலத்தில் விமான இன்ஜின்கள் செய்த பேனர் லேன் தொழிற்சாலையில் அந்த டிராக்டர் 5 லட்சத்துக்கு மேல் தயாரானது.

இந்த அமைப்பு டிராக்டருக்கு அழகாகப் பொருந்தியது. புழுதியில் உழுது சிலிண்டர் தேய்ந்தால், பிளாக்கை லேத்துக்குத் தூக்கிப் போய் போர் பண்ண வேண்டாம். பழைய லைனரை உருவிவிட்டுப் புதுசை இறக்கினால் போதும். அளவை மாற்றுவதும் சுலபம். வேன்கார்டில் 85 மில்லிமீட்டர் விட்டம், 2088 சிசி. அதே 92 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு லைனரை மட்டும் 83 ஆகச் சுருக்கினால் 1991 சிசி. டிரையம்ப் டி.ஆர். 2 என்ற பந்தயக் காருக்கு அப்படித்தான் 2 லிட்டருக்குள் ஓர் இன்ஜின் கிடைத்தது. உழுதவனும் பந்தயம் ஓடியவனும் பங்காளிகள்.

சரி, ஒழுகல் எங்கே வரும்? லைனர் பிளாக்கின் அடியில் ஒரு விளிம்பில் உட்கார்ந்திருக்கும். அந்த விளிம்புக்கு மேலே தண்ணி, கீழே ஆயில் இருக்கும் சம்ப். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கேஸ்கட். இரண்டு லைனருக்கு ஒன்று என்பதால் எண் 8 போல இருக்கும். நான்கு சிலிண்டருக்கு இரண்டு எட்டு. அதை அழுத்திப் பிடிப்பது லைனரின் மேல் முனை. அது பிளாக்கின் மட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்குவரை தூக்கலாக நிற்க வேண்டும். மேலே ஹெட்டை வைத்து இறுக்கும்போது அந்த அழுத்தம் லைனர் வழியாக இறங்கி, கீழே இருக்கும் எட்டை நசுக்கிப் பிடிக்கும்.

சிக்கலின் முடிச்சு இதுதான். ஹெட்டைக் கழற்றிய நொடியில் லைனரைப் பிடித்திருந்த கை விலகிவிடுகிறது. அந்த நேரத்தில் யாராவது "பிஸ்டனைக் கொஞ்சம் மேலே கொண்டு வா" என்று கிராங்கைச் சுற்றினால், மேலேறும் பிஸ்டன் ரிங் லைனரையும் சேர்த்துக் கொஞ்சம் தூக்கிவிடும். வருஷக்கணக்காக ஒட்டியிருந்த கீழ் கேஸ்கட் பிரிந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. புது ஹெட் கேஸ்கட் போட்டு மூடி, தண்ணி ஊற்றி ஸ்டார்ட் செய்தால், இல்லாத ஒழுகல் அன்றைக்குத்தான் தொடங்கும். கம்பெனி கையேடுகள் இதை எச்சரித்தே இருக்கின்றன. எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவர் இதை இரண்டே வரியில் சொல்வார்: "தம்பி, லைனரைக் கட்டிப்போடாம கிராங்கைச் சுத்தாத. சுத்துனா ஆயிலைக் குடிக்கலாம், டீ மாதிரி இருக்கும்." ஸ்டட் போல்ட்டில் குழாய்த் துண்டும் கனமான வாஷரும் கோத்து, லைனரின் விளிம்பை அழுத்தி நட் போடுவார். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஆகவே கண்டுபிடிக்கும் வேலை ஹெட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே நடந்தாக வேண்டும். வரிசை இப்படி.

முதலில், உண்மையிலேயே கூலன்ட்தானா? ஊட்டி மாதிரி குளிர்ந்த ஊரில், தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படியும். அது காற்றின் ஈரம். டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்து, ரேடியேட்டரில் தண்ணி குறையாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு நீண்ட ஓட்டத்தில் சரியாகிவிடும். மாறாக, ரேடியேட்டரில் அளவு இறங்கி டிப்ஸ்டிக்கில் அளவு ஏறினால் விஷயம் வேறு. அதன் பிறகு இன்ஜினை ஓட்டவே கூடாது. தண்ணி கலந்த ஆயில் பேரிங்குகளைத் தாங்காது.

இரண்டாவது, வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் சம்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்த வேண்டும். தண்ணி ஆயிலைவிடக் கனமானது. கலங்காமல் பிரிந்து நின்ற தண்ணி முதலில் வரும். சந்தேகம் இருந்தால் சூடான தகட்டில் ஒரு சொட்டு ஆயிலை விட்டுத் தள்ளி நின்று கேட்கலாம். தண்ணி இருந்தால் தாளிக்கிற மாதிரி படபடக்கும்.

மூன்றாவது, நெருப்பிடம் விசாரணை. ஹெட் கேஸ்கட் சிலிண்டர் பக்கம் போயிருந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது, பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களில் கம்ப்ரஷன் விழுந்திருக்கும். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம், எரிந்த வாயு பட்டால் மஞ்சளாகும். இவை ஒன்றுமே இல்லாமல் ஆயில் மட்டும் வெளுத்திருந்தால், வெட் லைனர் இன்ஜினில் நம் கண் கீழே போக வேண்டும்.

நான்காவது, ஆறிய இன்ஜினில் ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி மூடியில் அச்சிட்ட அழுத்தம்வரை ஏற்ற வேண்டும். பிறகு கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். எந்த லைனரின் ஓரத்தில் முத்து மாதிரி சொட்டு கட்டுகிறதோ அதுதான் குற்றவாளி. ஹெட்டில் ஒரு நட்டைக்கூடத் தொடாமல் விடை கிடைத்துவிடும்.

இந்த வாசிப்பை ஒரு விஞ்ஞானமாக்கியது ரயில்வே. 1946இல் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வே, டீசல் இன்ஜின்களின் பழைய ஆயிலை ஒளி நிறமாலையில் ஆராயத் தொடங்கியது. ஆயிலில் இரும்போ செம்போ கூடினால் தேய்மானம். கூலன்ட்டில் சேர்க்கும் சோடியம், போரான் போன்றவை தென்பட்டால் தண்ணி உள்ளே வருகிறது. கண்ணுக்கு வெளுப்பு தெரிவதற்கு முன்பே சொல்லிவிடலாம். தண்ணி சூட்டில் ஆவியாகிப் போனாலும் இந்தத் தடயங்கள் தங்கிவிடும். கிளைக்கால் அதைவிட மோசம். ஆயிலுக்குள் சிதைந்து அமிலமாகிப் பேரிங்கை அரிக்கும்.

சென்னையில் கதைக்கு இன்னொரு கிளை. இங்கே தண்ணி உறையாதே என்று கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணியை ஊற்றுவது நம் வழக்கம். கூலன்ட்டுக்குத் துருவைத் தடுக்கும் வேலையும் உண்டு என்பது மறந்துபோனது. உப்புத் தண்ணி லைனர் உட்காரும் விளிம்பை அரித்துக் குழி போட்டுவிட்டால், எத்தனை புது எட்டு வைத்தாலும் நிற்காது.

1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வேன்கார்டில் ஆரம்பித்து ஹெரால்டு, கெஸல் என்று வண்டிகளைச் செய்தது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. உடல், இங்கிலாந்தில் 1976இல் அறிமுகமாகி மறு வருஷமே ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வான ரோவர் எஸ்.டி. 1. உள்ளே இருந்தது 1991 சிசி, அதே பழைய வேன்கார்டு குடும்பத்து வெட் லைனர் இன்ஜின். டி.ஆர். 4ஏ கார் 1967இல் நின்றபோது டிரையம்ப் கைவிட்ட வழியை, சென்னை 18 வருஷம் கழித்துப் புதுசாக விற்றது. எளிய இன்ஜின், நம் கைக்குத் தெரிந்த இன்ஜின் என்ற நியாயம் அதில் இருந்தது. ஆனால் அந்தப் பெரிய உடலை இழுக்க அதற்குத் தெம்பு போதவில்லை. 1988இல் தயாரிப்பு நின்றது.

கம்பெனி போனது ஒரு நஷ்டம். அதைவிடச் சத்தமில்லாத நஷ்டம், லைனரைக் கட்டிப்போடத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறுவது. கார் பளபளப்பாக மிஞ்சியிருக்கும். எண் 8 கேஸ்கட்டும் தேடினால் கிடைத்துவிடும். ஆனால் "முதல்ல லைனரைப் பிடி" என்று சொல்ல ஆளில்லாத ஒர்க்‌ஷாப்பில் அந்த இன்ஜின் ஒரே நாளில் காயலான் கடைக்குப் போய்விடும், அதுவும் பழுது பார்த்ததனாலேயே.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆயில் வெளுத்தால் ஸ்பேனரைத் தேடாதீர்கள். இது யார் வீட்டு இன்ஜின், இதன் சிலிண்டர் வார்ப்பிலேயே குடைந்ததா, தனியாக இறக்கியதா என்று முதலில் விசாரியுங்கள். மீதியை ஒரு ராத்திரி பொறுமையும் ஒரு கைப்பம்பும் டார்ச்சும் சொல்லிவிடும்.