முகம் வரையப்படாத காதலி

சித்திரக்கதைகளில் காதல் எளிதில் கைகூடுவதில்லை. 1936இல் லீ ஃபாக் படைத்த வேதாளர், டயானாவை மணக்க 1977 வரை காத்திருந்தார். சார்லி பிரவுனுக்கோ அந்நாள் வாய்க்கவேயில்லை. அவனைப் படைத்த சார்ல்ஸ் ஷூல்ஸ், 1950இல் ஒரு பெண்ணிடம் மணம் வேண்டி மறுக்கப்பட்டவர். 1961இல் அவளே செம்பட்டைக் கூந்தல் சிறுமியாகக் கதைக்குள் வந்தாள். 2000இல் தொடர் நிறைவுறும்வரை அவள் முகத்தை ஷூல்ஸ் காட்டவில்லை.

பசறைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு இது புதிதன்று. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என மலையக மக்களைப் பங்கிட்டது. ஒரே லயத்தில் வளர்ந்த இருவர் வெவ்வேறு பட்டியல்களில் வீழ்ந்தனர். பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவளின் புகைப்படம்கூட இன்றி முதுமையெய்தியவர்களை நான் அறிவேன். அம்முகங்களையும் எவரும் வரைந்து வைக்கவில்லை.