வீட்டுக்கல்வியும் குழந்தைகளின் பாதுகாப்பும்

வீட்டுக்கல்வி என்பது குழந்தையைப் பள்ளியில் சேர்க்காமல், பெற்றோரே பொறுப்பேற்றுக் கற்பிக்கும் முறை. ஹோம்ஸ்கூலிங் என்ற பெயரில் இந்திய நகரங்களில் இது அறியப்படுகிறது. இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் பாடம், சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கை ஆகியவற்றையே சுற்றி வருகிறது. அவற்றைவிட அடிப்படையான கேள்வி வேறு: பள்ளிக்குப் போகாத குழந்தையைக் குடும்பத்துக்கு வெளியே யார் பார்க்கிறார்கள்? கிழக்குத் தாம்பரத்தின் சேலையூரில் ஒரு குடும்பம் நாளை தன் குழந்தையை வீட்டிலேயே படிக்க வைக்க முடிவு செய்தால், அதை எந்த அலுவலகத்திலும் பதிவு செய்யச் சொல்லும் விதி கிடையாது. அந்த முடிவு அன்பினால் எடுக்கப்பட்டதா, எதையோ மறைக்க எடுக்கப்பட்டதா என்று அறியவும் வழி இல்லை.

சட்டம் இதில் தெளிவாகப் பேசவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காதவருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் விதிக்கவில்லை. டெல்லி உயர்நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில் 2012-ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம், தாமே விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு இச்சட்டம் தடையில்லை என்று பிரமாணப் பத்திரம் அளித்தது. அதற்குப் பிறகும் தனி விதிமுறைகள் வரவில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் 1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக, 14 வயது நிறைந்தபின் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். தேர்வுத்தாள் பிள்ளை என்ன கற்றாள் என்பதைச் சொல்லும். அவள் எப்படி நடத்தப்படுகிறாள் என்பதை அது சொல்லாது.

பள்ளி கற்பிப்பதோடு நிற்பதில்லை. குழந்தையைத் தினமும் பார்க்கவும் செய்கிறது. அரசுப் பள்ளியில் சத்துணவு உண்ணும்போது பசியும் மெலிவும் தெரிந்துவிடும். 2013 முதல் மத்திய அரசின் சிறார் உடல்நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வருகின்றன. கல்வி மேலாண்மைத் தகவல் தளமான எமிஸில் பதிவான பிள்ளை திடீரென வராமல் போனால், அந்த இல்லாமை பதிவேட்டில் தெரியும். இந்தப் பார்வை ஏன் தேவை என்பதற்கு, மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வே சான்று. மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாக அது கண்டது. குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர்கள் பெற்றோர். வீட்டுக்கல்வி தரும் பெற்றோர் மற்றவர்களைவிடக் கொடியவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. எல்லா வகை வீடுகளிலும் நடக்கும் ஒன்று, பார்ப்பார் இல்லாத வீட்டில் நீண்டகாலம் தொடர முடியும் என்பதே இதன் பொருள்.

இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 2023-ல் நடந்தது இதை வலியோடு காட்டுகிறது. 10 வயதுச் சிறுமி ஒருத்தியின் முகத்தில் காயங்களைக் கண்ட ஆசிரியர்கள் மார்ச் மாதம் குழந்தைகள் நலத் துறைக்குத் தெரிவித்தனர். துறை சில நாட்களில் கோப்பை மூடியது. ஏப்ரலில், வீட்டிலேயே கற்பிப்பதாகச் சொல்லி அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். ஆகஸ்டில் அவள் உடல் கண்டெடுக்கப்பட்டது; தந்தையும் மாற்றாந்தாயும் கொலைக் குற்றவாளிகள் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பானது. அதே மாதம் அந்நாட்டு நாடாளுமன்றத்தில், பள்ளியில் இல்லாத குழந்தைகளுக்குப் பதிவேடு கோரும் மசோதா அறிமுகமானது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வீட்டுக்கல்விக்காகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகளை ஆறு பள்ளி மாவட்டங்களில் ஆராய்ந்து 2018-ல் வந்த அரசு அறிக்கையில், 36 விழுக்காட்டினரின் குடும்பங்கள் மீது ஏற்கெனவே குறைந்தது ஒரு துன்புறுத்தல் அல்லது புறக்கணிப்புப் புகார் இருந்தது. இந்த விழுக்காட்டை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் புகாருக்குப் பின் பள்ளியிலிருந்து நிறுத்துவது தனித்துக் கவனிக்க வேண்டிய அறிகுறி என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

நம் நாட்டில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. பள்ளி நேரமே இல்லாத பிள்ளைக்கு எது பள்ளி நேரத்துக்குப் பிறகு? கடையில் பகல் முழுவதும் நிற்கும் சிறுவனையும், திருமணப் பேச்சுக்காக வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமியையும் வீட்டில் படிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால், மறுத்துச் சொல்ல ஆவணம் எதுவும் இருக்காது.

பள்ளிகள் மட்டும் பாதுகாப்பானவையா என்று வீட்டுக்கல்விப் பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உடல்தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்தும் பிரம்பு முற்றிலும் மறையவில்லை. 2021-ல் சென்னைத் தனியார் பள்ளி ஆசிரியர்கள் சிலர் மீது எழுந்த பாலியல் புகார்களும் நினைவில் உள்ளன. ஆனால் பள்ளியில் காயப்பட்ட பிள்ளைக்கு வீடு என்ற இரண்டாம் இடம் இருந்தது, தோழிகளும் இருந்தார்கள். வீட்டில் காயப்படும் பிள்ளைக்கும் அப்படி ஓர் இரண்டாம் இடம் வேண்டும். இது அந்தரங்கத்தில் தலையிடுவதாகாதா என்பது அடுத்த எதிர்வாதம். அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கிய 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பே, சட்டத்தின் துணையும் நியாயமான நோக்கமும் அளவும் உள்ள கட்டுப்பாட்டை ஏற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை குழந்தையைச் சந்தித்துப் பேசுவது அந்த அளவை மீறாது. மேலும் உரிமை பெற்றோருக்கு மட்டுமன்று, குழந்தைக்கும் உண்டு. நல்ல பெற்றோருக்கும் பதிவு நன்மையே தரும். அக்கம்பக்கத்தார் சந்தேகிக்கும்போது காட்ட அவர்களிடம் ஓர் ஆவணம் இருக்கும்.

இதற்குப் புதிதாக ஒரு துறை தேவையில்லை. தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. பள்ளியில் படிக்கும் குழந்தைகள் மட்டும் என்று அது சுருக்கவில்லை. சேலையூருக்கு அந்த உள்ளாட்சி, 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சி. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் வீட்டுக்கல்வி பெறுவோருக்குத் தனிப் பத்தி, ஆண்டுக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை, பெற்றோர் உடன் இல்லாமல் பயிற்சி பெற்ற ஒருவரோடு சிறிது நேரப் பேச்சு: இவை போதும். பழைய புகார் உள்ள வீட்டில் மட்டும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துமுன் செங்கல்பட்டு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஒப்புதல் கேட்கப்பட வேண்டும்.

அதுவரை பொறுப்பு பக்கத்து வீட்டாரிடம் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098 இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. பாலியல் கொடுமை நடப்பதாக அறிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்குத் தொடர முடியாது என்றும் அதே பிரிவு உறுதி தருகிறது. சந்தேகம் வந்தால் தயங்காமல் அழையுங்கள்.