ஜான் ஸ்டைன்பெக்: கண்டதை எழுதிய நாவலாசிரியர்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசாங்க ஏடுகளில் மட்டும் தேடுவோர் அதன் ஒரு பகுதியையே காண்பர். எத்தனை மூட்டை விளைந்தது, என்ன விலை போயிற்று என்பவற்றை அவ்வேடுகள் கூறும். விளைவித்தவன் அன்றிரவு என்ன உண்டான் என்பதைக் கூறா. அதனைக் கூறும் பொறுப்பு பல வேளைகளில் நாவலாசிரியரைச் சேர்கிறது. அமெரிக்க நாட்டில் அப்பொறுப்பை ஏற்று, அதனால் புகழையும் பழியையும் ஒருங்கே பெற்றவர் ஜான் ஸ்டைன்பெக்.

இளமை

கலிபோர்னியா மாநிலத்தின் சலீனாஸ் என்னும் சிற்றூரில் 1902 ஆம் ஆண்டு பிப்ரவரி 27 ஆம் நாள் அவர் பிறந்தார். தாயார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தந்தையார் பிற்காலத்தில் மாவட்டப் பொருளாளர் பதவி வகித்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1919 இல் சேர்ந்த ஸ்டைன்பெக், விட்டு விட்டுப் பயின்று, 1925 இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். இடையிடையே சர்க்கரைக் கிழங்கு வயல்களில் தொழிலாளரோடு தொழிலாளராக வேலை செய்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய உரையாடல்களுக்கு அவ்வயல்களே பள்ளிக்கூடம் ஆயின.

1929 இல் வெளியான முதல் நாவலும் அடுத்து வந்த இரண்டு நூல்களும் அதிகம் விற்கவில்லை. தந்தையாரின் உதவியால் குடும்பம் நடந்தது. 1935 இல் வெளிவந்த ‘டோர்ட்டில்லா ஃபிளாட்’ அவருக்குப் பெயர் தேடித் தந்தது. மறு ஆண்டே ஆப்பிள் பறிப்போரின் வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார்.

வறண்ட நிலமும் அகன்ற தோட்டமும்

அக்காலத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் பெருந்துன்பம் நேர்ந்தது. மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வெளிகள் கோதுமைக்காக உழப்பட்டிருந்தன. 1930 ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. மேல்மண் தூசியாகிப் பறந்தது. பருத்தி விலையும் வீழ்ந்தது. பல குடும்பங்கள் செய்த வேலையை ஒரு டிராக்டர் செய்யவே, குத்தகைக் குடியானவர்கள் நிலத்தை விட்டு அகற்றப்பட்டனர். ஓக்லஹோமா முதலிய மாநிலங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் பழைய மோட்டார் வண்டிகளில் கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டனர்.

சான்பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றின் வேண்டுகோளின்படி, 1936 இல் ஸ்டைன்பெக் இம்மக்களைக் காணச் சென்றார். ரொட்டிக்கடைக்காரரின் பழைய வண்டி ஒன்றே அவர் வாகனம். அவ்வாண்டு அக்டோபரில் ஏழு கட்டுரைகள் வெளிவந்தன. அப்பயணத்தில் அவருக்கு வழிகாட்டியவர் டாம் காலின்ஸ். ஆர்வின் என்னும் இடத்தில் அரசாங்கம் அமைத்திருந்த தொழிலாளர் முகாமின் மேலாளர் அவர். குடிநீரும் கழிப்பிடமும் உள்ள அம்முகாமில், குடியிருந்தோரே தேர்ந்தெடுத்த குழுக்கள் ஒழுங்கைக் கவனித்தன. மக்கள் பேசும் முறை, பாடும் பாட்டு, உண்ணும் உணவு ஆகியவற்றை யெல்லாம் காலின்ஸ் வாரந்தோறும் அறிக்கையாக எழுதி வைத்திருந்தார். அவ்வறிக்கைகள் ஸ்டைன்பெக்கின் கைக்கு வந்தன.

நூறு நாள் உழைப்பு

1938 இன் தொடக்கத்தில் விசாலியா பகுதியில் வெள்ளம் சூழ்ந்தபோது, பட்டினி கிடந்த குடும்பங்களிடையே ஸ்டைன்பெக் காலின்சுடன் பணிபுரிந்தார். பின்னர் நையாண்டியாக ஒரு நாவல் எழுதி, அது தமக்கே மனநிறைவு தராமையால் அழித்துவிட்டார். அவ்வாண்டு மே இறுதியில் தொடங்கி அக்டோபர் இறுதிக்குள், ஏறத்தாழ 100 வேலை நாட்களில் எழுதி முடித்ததே ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. ‘சினத்தின் திராட்சைகள்’ என்பது அதன் பொருள். அப்பெயரைத் தந்தவர் அவர்தம் மனைவி கேரல்.

ஜோடு குடும்பத்தின் கதையாக அமைந்த இந்நூல், கூலி எவ்வாறு குறைக்கப்படுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறது. தேவைக்கு மேல் பல மடங்கு ஆள் வரும்படி துண்டு விளம்பரங்கள் பரப்பப்படுகின்றன. பசித்தவர் பெருகப் பெருக, குறைந்த கூலிக்கு இசைபவர் தோன்றுகின்றனர். ஒரு பெட்டி பீச் பழம் பறிக்க 5 காசு கிடைக்கிறது. வேலைநிறுத்தம் முறிந்ததும் அது இரண்டரைக் காசாகிறது. கிடைத்த கூலியும் வெளிவிலையைவிட மிகுதியாக விற்கும் தோட்டக் கடையிலேயே கரைகிறது. ஒருவர் கொடுமையால் மட்டும் நிகழ்வதன்று இது. ஏற்பாட்டின் அமைப்பே இது என்று ஆசிரியர் உணர்த்துகிறார்.

தடையும் விசாரணையும்

1939 ஏப்ரல் 14 இல் வெளியான நூல் அவ்வாண்டில் மிகுதியாக விற்ற நாவலாயிற்று. ஆயின் ஆகஸ்டில், ஆர்வின் முகாம் அமைந்திருந்த கெர்ன் மாவட்டத்தின் ஆட்சிக்குழுவே அதனை நூலகங்களிலும் பள்ளிகளிலும் தடைசெய்தது. மாவட்ட நூலகத் தலைவி கிரெட்சன் நீஃப் அத்தடையை எழுத்து மூலம் எதிர்த்தார். 1941 இல்தான் தடை நீங்கிற்று. இதற்கிடையே 1940 இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் முகாம்களை நேரில் பார்த்து, நூலில் மிகை இல்லை என்றார். செனட் சபையின் விசாரணைக் குழு ஒன்றும் கலிபோர்னியாவில் தொழிலாளர் உரிமை மீறப்படுவதை ஆராய்ந்தது.

எனினும் சட்டம் விரைந்து மாறவில்லை. 1935 இன் தேசியத் தொழிலுறவுச் சட்டம் விவசாயத் தொழிலாளரை விலக்கி வைத்திருந்தது. கலிபோர்னியாவில் அவர்களுக்குச் சங்க உரிமை அளிக்கும் சட்டம் 1975 இலேயே வந்தது.

குறையும் நிறையும்

நூலின் குறையையும் கூறுதல் நேர்மையாகும். அத்தோட்டங்களில் முன்பு சீனரும் ஜப்பானியரும் பிலிப்பினோக்களும் மெக்சிகர்களும் உழைத்தனர். 1936 ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் அவர்களைப் பற்றி எழுதிய ஸ்டைன்பெக், நாவலில் வெள்ளைக் குடும்பங்களையே முன்னிறுத்தினார். அதே முகாம்களில் காலின்சுடன் பணிபுரிந்த சனோரா பாப் என்னும் எழுத்தாளரும் இம்மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ஸ்டைன்பெக்கின் நூல் முந்திக்கொண்டதால் பதிப்பகம் அதனைக் கைவிட்டது. 2004 இல்தான் அது அச்சேறிற்று. ஒருவர் குரல் ஓங்கும்போது மற்றொருவர் குரல் மறைவதும் உண்டு.

1962 இல் ஸ்டைன்பெக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. தகுதி உண்டா என்று நிருபர் வினவியபோது, இல்லை என்றே அவர் விடையளித்தார். 1968 டிசம்பர் 20 இல் நியூயார்க்கில் காலமானார். அவருடைய சாம்பல் சலீனாசில் அடக்கம் செய்யப்பட்டது.

தடை விதித்தோரின் பெயர்களை இன்று அறிவோர் சிலரே. நூலோ இன்றும் பள்ளிகளில் பயிலப்படுகிறது. உழைப்பவர் வாழ்வை எழுத விழைவோர், எழுதுமுன் அவர்களிடம் செல்லுதல் வேண்டும். அவர்களின் கணக்கையும் கஞ்சியையும் காணுதல் வேண்டும். ஸ்டைன்பெக்கின் வாழ்க்கை உணர்த்தும் பாடம் இதுவே.