நாய் நுழையாத நகரம்

ஒரு நாட்டின் நிதி அமைச்சர் மீது போலீஸில் புகார். என்னவாக இருக்கும்? கமிஷன், கணக்கில் வராத பணம், மச்சான் பெயரில் நிலம்... இப்படித்தானே உங்கள் மனசு ஓடுகிறது? ஓடும். நாம் பார்த்து வளர்ந்த லட்சணம் அப்படி! ஆனால், 1984-ன் தொடக்கத்தில் ஐஸ்லாந்து நிதி அமைச்சர் ஆல்பர்ட் குட்மண்ட்சன் மாட்டிக்கொண்டது அதற்கெல்லாம் இல்லை. அவர் வீட்டில் ஒரு நாய் இருந்தது. பெயர் லூசி. அவ்வளவுதான் குற்றம்.

லூசி யாரையாவது கடித்ததா என்று கேட்காதீர்கள். தலைநகர் ரெய்க்யாவிக்கில் நாய் வளர்ப்பதே சட்ட விரோதம். பார்க்கில் கூடாது, ஹோட்டலில் கூடாது, லிஃப்டில் கூடாது என்று இடம் பார்த்துத் தடை போடுவதை நாம் அறிவோம். அங்கே ஊருக்குள்ளேயே கூடாது. 1924-லிருந்து அப்படி.

குட்மண்ட்சன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஐஸ்லாந்தின் முதல் தொழில்முறை கால்பந்து வீரர். லண்டனில் ஆர்சனல், இத்தாலியில் ஏ.சி. மிலன் என்று பெரிய அணிகளில் ஆடியவர். 1980-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றவர். (அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் ஜனாதிபதி!) அப்பேர்ப்பட்ட மனுஷர், நாயைப் பிரிவதைவிட நாட்டை விட்டே போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு ஒரே கொண்டாட்டம். 'பாவம், ஒரு நாயை வளர்க்க விடாத கிறுக்குப் பிடித்த தேசம்' என்று சிரித்தார்கள்.

நமக்கும் சிரிப்பு வரும். ஆனால், அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஐஸ்லாந்துக்கு மனிதர்கள் குடியேறியது ஆயிரத்து நூறு வருஷங்களுக்குக் கொஞ்சம் முன்னால். நார்வே பக்கத்திலிருந்து படகேறி வந்தவர்கள் கூடவே செம்மறி ஆட்டையும் குதிரையையும் நாயையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த நாய்தான் பிற்பாடு 'ஐஸ்லாந்து நாய்' என்று தனி ஜாதியானது. விறைத்த காது, சுருண்ட வால். இங்கிலாந்து வரைக்கும் அதற்குப் பெயர் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் ஒருத்தன் இன்னொருத்தனைத் திட்டுவதற்கு இந்த நாயைத்தான் இழுக்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்டில் பயிர் பச்சை குறைவு. ஆடுதான் சோறு, ஆடுதான் துணி. கோடையில் மலையில் மேய விட்ட ஆடுகளை இலையுதிர் காலத்தில் திரட்டிக் கீழே இறக்க வேண்டும். நாய் இல்லாமல் அது நடக்காது. ஆகவே பண்ணை தவறாமல் நாய் இருந்தது. குளிர்காலத்தில் புல் கரணையால் கட்டிய தாழ்ந்த வீட்டுக்குள் மனுஷர்கள், குழந்தைகள், நாய்கள் எல்லாம் ஒண்டிக் கிடப்பார்கள். சாப்பிட்ட மரக் கிண்ணத்தைத் தரையில் வைத்தால் நாய் சுத்தமாக நக்கி வைக்கும். பாத்திரம் கழுவுகிற வேலை மிச்சம்!

இந்தக் கிண்ணத்தில்தான் எமன் இருந்தான்.

ஐஸ்லாந்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு நோய். வயிறு மெதுவாக வீங்கும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகும். ஈரலில் நீர் கோத்த கட்டி. சிலருக்கு நுரையீரலில். கட்டி ஒரு தேங்காய் அளவுக்கு, அதற்கும் மேலே வளரும். உள்ளுக்குள் உடைந்தால் பல பேருக்கு அதோடு கதை முடிந்தது. 1847-ல் டென்மார்க்கிலிருந்து (ஐஸ்லாந்து அப்போது டென்மார்க்கின் ஆட்சியில்) ஷ்லைஸ்னர் என்ற டாக்டரை அனுப்பிப் பார்த்து வரச் சொன்னார்கள். அவர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எழுதிய கணக்கு எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது. ஏழு பேரில் ஒருவருக்கு இந்தக் கட்டி! 'இருக்கவே இருக்காது, மிகைப்படுத்துகிறார்' என்று மற்ற டாக்டர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டைக்கு முடிவு கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

காரணம் என்னவென்று அன்றைக்கு ஐஸ்லாந்துக்காரர்கள் யாருக்கும் தெரியாது. அரிசியைவிடச் சிறிய ஒரு நாடாப்புழுதான் காரணம். நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. முட்டை மட்டும் நாயின் மலத்தோடு வெளியே வரும். புல்லில் விழுந்த முட்டையை ஆடு தின்றால் ஆட்டின் ஈரலில் கட்டி. ஆட்டை அறுத்து, கட்டி பிடித்த ஈரலை 'இது நமக்கு ஆகாது' என்று நாய்க்குத் தூக்கிப் போட்டால், அதிலிருந்து நாயின் குடலில் புதிய புழுக்கள். நாய், ஆடு, நாய், ஆடு என்று சுற்றுகிற இந்த ராட்டினத்தில் மனுஷனுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆனால் தன் பின்பக்கத்தை நக்கிய நாய் உங்கள் கையை நக்குகிறது. கிண்ணத்தை நக்குகிறது. குழந்தையின் முகத்தை நக்குகிறது. ஆட்டுக்குப் போக வேண்டிய கட்டி குழந்தைக்கு வந்துவிடுகிறது.

1863-ல் ஹரால்ட் க்ராபே என்ற டென்மார்க் விஞ்ஞானி ஐஸ்லாந்துக்கு வந்தார். நூறு நாய்களை அறுத்துக் குடலை ஆராய்ந்தார். கால்வாசிக்கு மேல் அந்தப் புழு இருந்தது. சரி, கண்டுபிடித்தாயிற்று. நம் ஊராக இருந்தால் அடுத்து என்ன நடக்கும்? ஒரு கமிட்டி போட்டு, ஒரு ஃபைல் திறந்து, ஒரு தடை உத்தரவு போடுவார்கள். க்ராபே அப்படிச் செய்யவில்லை. ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். புழு எங்கே இருக்கிறது, எப்படி வருகிறது, ஏன் ஈரலை நாய்க்குப் போடக்கூடாது என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி. 1864-ல் அதை ஐஸ்லாந்து மொழியில் அச்சடித்து வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார்கள்.

ஐஸ்லாந்து ஏழை நாடு என்றாலும் படிக்கத் தெரிந்த நாடு. நீண்ட குளிர்கால இரவில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கம்பளி நூற்றுக்கொண்டே கேட்பது அங்கே வழக்கம். வீர சாகசக் கதைகளோடு இந்தப் புழுக் கதையும் அந்தக் கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால், மருந்தைவிட, சட்டத்தைவிட முதல் அடி இந்தப் புத்தகம் கொடுத்ததுதான்.

சட்டமும் வந்தது. 1869-ல் வேலைக்குத் தேவைப்படாத நாய்க்கு வரி. (வரி போட்டால் எண்ணிக்கை குறையும் என்பது பி.காம். படித்த எனக்கே தெரியும்போது டென்மார்க் அரசுக்குத் தெரியாதா!) 1890-ல் இன்னும் கடுமையான சட்டம். வருஷா வருஷம் ஒவ்வொரு நாய்க்கும் குடல் சுத்தம். கட்டி பிடித்த ஈரலை எரிக்க வேண்டும், அல்லது ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். குடல் சுத்தத்துக்கு என்றே ஊர் ஊருக்குச் சின்னக் கல் குடிசைகள். அதற்கென்று நியமிக்கப்பட்ட ஆள் வருவார். நாய்களை உள்ளே அடைத்துப் பட்டினி போட்டு, பேதி மருந்து கொடுத்து, வெளியே வந்ததையெல்லாம் அழித்து, நாயைக் குளிப்பாட்டி அனுப்புவார். ஊரிலேயே யாரும் ஆசைப்படாத உத்தியோகம் அதுவாகத்தான் இருந்திருக்கும். பிற்காலத்தில் இந்த வேலைக்குப் பயன்பட்ட அரிகோலின் என்ற மருந்தின் பூர்வீகம் என்ன தெரியுமா? நாம் வெற்றிலையோடு மெல்லுகிறோமே, அதே கொட்டைப் பாக்கு!

கூடவே இன்னொன்றும் நடந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஆடு அறுப்பது வீட்டு வாசலிலிருந்து அறுப்புக் கூடத்துக்கு மாறியது. கிழட்டு ஆடு போய் நாலைந்து மாதக் குட்டிகளாக அறுக்க ஆரம்பித்தார்கள். அந்த வயசில் ஆட்டின் ஈரலில் கட்டி முற்றியிருக்காது. நாயே திருடித் தின்றாலும் புழு பிடிக்காது.

பலன் என்ன? நீல்ஸ் துங்கால் என்ற ஐஸ்லாந்து டாக்டர் 1950-களில் பழைய பிரேதப் பரிசோதனைக் கணக்குகளை எடுத்துவைத்து, இறந்தவர்களைப் பிறந்த வருஷப்படி பிரித்தார். 1860-களில் பிறந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் உடம்புக்குள் கட்டி இருந்தது. அதாவது ஷ்லைஸ்னர் மிகைப்படுத்தவில்லை, குறைத்தே சொல்லியிருந்தார்! 1870-களில் பிறந்தவர்களில் அது இறங்குகிறது. அடுத்த பத்து வருஷத்தில் இன்னும். 1900-க்குப் பிறகு பிறந்தவர்களிடம் தேடித்தான் பார்க்க வேண்டும். புத்தகம் வீட்டுக்கு வந்த பிறகு வளர்ந்த குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள்.

1924-ல் ரெய்க்யாவிக் தடை போட்டபோது இந்தப் பயம் எல்லோர் வீட்டிலும் ஆறாத புண். கட்டி வந்து செத்த தாத்தா, பாட்டியைப் பார்த்த தலைமுறை அது. ரெய்க்யாவிக்கில் அப்போது ஜனத்தொகை இருபதாயிரம் சொச்சம். மீன்பிடித் துறைமுகம். மேய்க்க ஆடு இல்லாத ஊரில் நாய் எதற்கு? கிராமத்தில் இருக்கட்டும், இங்கே வேண்டாம் என்றார்கள். பெரிய எதிர்ப்பில்லாமல் ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவாரஸ்யம். வருஷங்கள் ஓடின. நோய் ஒழிந்தது. கட்டியோடு செத்தவர்களை நேரில் பார்த்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். புழுவை மறந்தார்கள், க்ராபேயை மறந்தார்கள், 'நாய் கூடாது' என்பது மட்டும் தங்கியது. 'ஏன்?' என்று கேட்டால், 'அசிங்கம் பண்ணும்', 'குரைக்கும்', 'பட்டணத்தில் நாய்க்கு என்ன வேலை' என்று வேறு வேறு பதில்கள். இதற்காக அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். தடைகளுக்குப் பழகிய ஜனங்கள் அவர்கள். 1989 வரைக்கும் பீர் அங்கே சட்ட விரோதம். 1987 வரைக்கும் வியாழக்கிழமை என்றால் டி.வி. கிடையாது, ஊரே விடுமுறை விட்ட மாதிரி அணைந்து கிடக்கும்!

ஆனாலும் ஆசை யாரை விட்டது? ரகசியமாக நாய் வளர்த்தவர்களும் இருந்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர் ஒரு போன் போட்டால் போதும், போலீஸ் வந்துவிடும். ஒருவர் சும்மா இருக்காமல் ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்துக்கே போனார். நாய் வளர்ப்பது என் அந்தரங்க வாழ்க்கை, அதில் நகராட்சி தலையிடக் கூடாது என்பது அவர் வாதம். 1976-ல் பதில் வந்தது. மனிதர்களோடு உறவு வைத்துக்கொள்வது அந்தரங்க வாழ்க்கையில் சேரும், நாயோடு உள்ள உறவை அதில் சேர்க்க முடியாது என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். நாய் என்றாலே அடுத்தவர்கள் வாழ்க்கையில் கொஞ்சம் குறுக்கீடு இருக்கத்தான் செய்யும் என்றும் ஒரு காரணம் சொன்னார்கள். அடுத்த ஃபிளாட்டில் நாய் இருக்கும் வாசகர்கள் இந்த இடத்தில் தலையாட்டலாம்.

எட்டு வருஷம் கழித்து லூசி விவகாரம். இப்போது நீங்கள் யார் பக்கம்? எனக்கு அமைச்சர் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. சட்டம் காலாவதியாகிவிட்டது என்று நினைத்தால் அதை மாற்றச் சொல்லிப் போராட அவருக்கு இல்லாத மேடையா? வருஷக்கணக்கில் நகராட்சி மன்றத்திலும் உறுப்பினராக இருந்தவர் ஆயிற்றே! சாமானியன் நாயை வைத்திருந்தால் போலீஸ் வரும்; அமைச்சர் வைத்திருந்தால் உலகச் செய்தி வரும். அறுபது வருஷமாக ஆசையை அடக்கிக்கொண்டு நாய் வளர்க்காமல் இருந்தவர்களைப் பற்றி ஒரு பத்திரிகையும் எழுதவில்லை. அதே சமயம், காரணம் செத்த பிறகும் சட்டத்தைத் தூசு தட்டாமல் வைத்திருந்த நகராட்சிக்கு யாராவது ஒருவர் இப்படி முரண்டு பிடித்தால்தான் உறைக்கும் என்பதும் நிஜம்.

உறைத்தது. அதே 1984-ல் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் சும்மா இல்லை. லைசென்ஸ் வாங்க வேண்டும், வருஷக் கட்டணம் கட்ட வேண்டும், கயிறு இல்லாமல் வெளியே கூட்டிக்கொண்டு போகக் கூடாது, வருஷா வருஷம் புழு மருந்து கொடுக்க வேண்டும். பழைய 1890-ம் வருஷச் சட்டம் புது பேப்பரில் எட்டிப் பார்க்கிறது, கவனித்தீர்களா?

1988-ல் 'நாய் வேண்டுமா, வேண்டாமா' என்று நகர மக்களிடமே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மை, 'வேண்டாம்'! ஆனால், ஓட்டுப் போட வந்தவர்களே ரொம்பக் குறைச்சல். நகராட்சி அனுமதியை அப்படியே தொடர்ந்தது. அப்புறம் ஒவ்வொரு கதவாக மெல்லத் திறந்தது. 2011-ல் அடுக்குமாடிச் சட்டத்தைத் திருத்தி, பொது வாசல் உள்ள கட்டடத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் நாய் வளர்க்கலாம் என்றார்கள். அதுவரை ஒரே ஒருவர் 'கூடாது' என்றாலும் கூடாதுதான். 2017-ல் காபிக் கடை முதலாளி இஷ்டப்பட்டால் நாயை உள்ளே விடலாம் என்று விதி வந்தது.

2018-ல் ரெய்க்யாவிக் டவுன் பஸ்ஸில் நாயை ஏற்றிப் பார்க்கச் சோதனை முயற்சியாக அனுமதித்தார்கள். பின்பக்கம்தான் நிற்க வேண்டும். ஆபீஸ் நேரத்தில் கூடாது.